சைகோன் ‘சாயோ’ முதல் செனகல் மல்லாட்டைக் குழம்பு வரை: அயல்நாட்டுச் சமையலை நம்ம வீட்டு அடுப்பில் செய்வது எப்படி?

ரீல்ஸில் பார்த்த ஆசையில் ஆர்டர் போட்ட ரைஸ் பேப்பர் பாக்கெட்டில் நான்கு தாள்தான் காலியாகியிருக்கும். ஃபிஷ் சாஸ் பாட்டிலைத் திறந்து, மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, ஃப்ரிட்ஜ் கதவில் வைத்ததோடு சரி. மூன்று மாதம் கழித்து வீட்டைக் காலி செய்யும்போது எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போகும். ஹாஸ்டலிலும் வாடகை ஃப்ளாட்டிலும் இருக்கும் பலருக்கு இந்தக் கதை புதிதல்ல.

தப்பு எங்கே நடக்கிறது? சமையல் குறிப்பை நாம் ஷாப்பிங் லிஸ்ட்டாகப் படிக்கிறோம். அதில் இருக்கும் பத்துப் பொருளையும் அதே பெயரில் வாங்கிவிட்டால் அந்த நாட்டு ருசி வந்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பொருளுக்கு இந்தச் சாப்பாட்டில் என்ன வேலை? மொறுமொறுப்பா, உப்பா, புளிப்பா, பிடிமானமா? வேலை தெரிந்துவிட்டால், அதே வேலையைச் செய்யும் ஆள் நம்ம சமையலறையில் இருக்கிறாரா என்று தேடலாம். இல்லை என்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் காசு செலவழிக்கலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. திண்டிவனம் – புதுச்சேரி சாலைக்குக் கிழக்கே இருக்கும் இரும்பையைச் சுற்றியே இதற்கு உதாரணங்கள் கிடக்கின்றன.

இரும்பையில் என்ன விசேஷம்?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டி இருக்கும் கிராமம் இது. சம்பந்தர் தேவாரம் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. கடுவெளிச் சித்தர் இங்கே தவம் இருந்தார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். அரச மரத்திலிருந்து உதிரும் இலையை மட்டுமே சாப்பிட்டு வந்த சித்தரின் தவத்தைக் கலைக்க, இலைக்குப் பதிலாக அவர் கையில் அப்பளத்தை வைத்தாளாம் ஒரு தாசிப் பெண். அவரும் சாப்பிட்டுவிட்டார். அதன் பிறகு நடந்த சாபமெல்லாம் பெரிய கதை. நமக்கு இங்கே வேண்டியது அந்த அப்பளம்தான். மெல்லிசாக, காய்ந்து, கையில் வைத்தால் இலை மாதிரியே இருக்கும் ஒரு பொருளை அவள் தேர்ந்தெடுத்தாள். மாற்றுப் பொருள் தேடும் வித்தையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

1968 பிப்ரவரி 28 அன்று, இந்தக் கிராமத்துக்குப் பக்கத்துச் செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கப்பட்டபோது 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரே கலசத்தில் போட்டார்கள். இரும்பை, குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி போன்ற சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். பிரெட் சுடுவதும் பாஸ்தா வேக வைப்பதும் அவர்களுக்குத் தினப்படி வேலை.

ஆனால், அயல்நாட்டுச் சாப்பாடு இந்த வட்டாரத்துக்கு வர ஆரம்பித்தது 1968-இல் இல்லை. அதற்கும் ரொம்ப முன்னாலேயே, பக்கத்தில் இருக்கும் புதுச்சேரித் துறைமுகம் வழியாக ஒரு வியட்நாம் பலகாரம் வந்து இறங்கிவிட்டது.

‘சாயோ’ எப்படி வந்தது?

புதுச்சேரியில் சில வீடுகளில் கிறிஸ்துமஸுக்கோ பிறந்தநாளுக்கோ ‘சாயோ’ இல்லாமல் விருந்து இருக்காது. அரிசித் தாளில் இறாலோ இறைச்சியோ வைத்துச் சுருட்டி, எண்ணெயில் பொரித்தெடுக்கும் பலகாரம். வியட்நாம்காரர்கள் ‘சா ஜோ’ என்று எழுத்துக்கூட்டிப் படிக்கத் தோன்றும் ஒரு பெயரில் எழுதுவதுதான் இது.

அந்தப் பெயருக்குள் ஒரு சுவாரசியம் இருக்கிறது. வட வியட்நாமில் இதே பலகாரத்தை ‘நெம் ரான்’ என்பார்கள். ‘சா யோ’ என்பது தெற்கத்திக்காரர்களின் பெயர், அந்த ‘யோ’ உச்சரிப்பும் அவர்களுடையதுதான். அதாவது, புதுச்சேரிப் பாட்டிமார் ‘சாயோ’ என்று சொல்லும்போது அவர்கள் வாயில் வருவது சைகோன் பேச்சுவழக்கு. இந்தப் பண்டம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தென் வியட்நாமை 1860-களில் பிரான்ஸ் பிடித்தது. நிர்வாகம் நடத்த ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் குமாஸ்தாவாக, போலீஸாக, வரி வசூலிப்பவராக, சிப்பாயாகச் சைகோனுக்குக் கப்பல் ஏறினார்கள். 1881-இல் வந்த ஓர் அரசாணை, சொந்தச் சாதி, மத வழக்குச் சட்டங்களைக் கைவிட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்ள இங்குள்ளவர்களுக்கு வழிசெய்தது. அப்படி ஏற்றுக்கொண்டவர்களில் பலர் அந்த வேலைகளுக்குப் போனார்கள். அங்கேயே வியட்நாமியப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. 1954-இல் தியென் பியென் ஃபூவில் பிரான்ஸ் தோற்றது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியும் இந்தியாவின் கைக்கு வந்தது. அந்தக் காலகட்டத்திலும், பிறகு 1975-இல் சைகோன் வீழ்ந்தபோதும் குடும்பம் குடும்பமாகத் திரும்பி வந்தார்கள். வீட்டுச் சமையலும் கூடவே வந்தது.

இதே போரில் பிரான்ஸுக்காகச் சண்டை போட்டவர்களில் மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்களும் இருந்தார்கள். செனகல் நாட்டு வீரர்கள் வியட்நாமிய மனைவிகளோடு ஊர் திரும்பினார்கள். இன்று செனகல் தலைநகர் டக்காரில் கல்யாண வீட்டிலும் தெருக்கடையிலும் இதே சுருள் கிடைக்கும். அங்கே அதன் பெயர் ‘நெம்’. ஒரே பலகாரம் இரண்டு கடற்கரை ஊர்களுக்குப் போய் இரண்டு பெயரில் குடியேறிவிட்டது. எந்த உணவு நிறுவனமும் விளம்பரம் செய்து கொண்டுபோகவில்லை. பழக்கமில்லாத ஊரில், கிடைத்ததை வைத்து, தன் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட பெண்கள் கொண்டுபோனது.

சரி, சாயோவில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

முதலில் தாள். ரைஸ் பேப்பர் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? கொதிக்கும் பானையின் வாயில் துணியை இழுத்துக் கட்டி, அதன் மேல் அரிசி மாவை மெல்லிசாகத் தடவி, ஆவியில் வேகவைத்து, உரித்து எடுத்து மூங்கில் தட்டியில் வெயிலில் காய வைப்பார்கள். இதைக் கேட்டதும் நம்ம ஆத்தா காலத்து இலை வடாம் ஞாபகம் வரவில்லையா? இலையில் மாவைத் தடவி, ஆவியில் வைத்து, உரித்து, காய வைப்பது. கிட்டத்தட்ட அதே கைவேலை. வித்தியாசம், நாம் காய்ந்ததை அப்படியே பொரிக்கிறோம், அவர்கள் மறுபடி நனைத்துச் சுருட்டுகிறார்கள். சுருட்டும்போது கிழியாமல் இழுபட வேண்டும் என்பதற்காகக் கடைகளில் விற்கும் தாளில் பெரும்பாலும் மரவள்ளி மாவும் சேர்ப்பார்கள். அதனால் வீட்டு அரிசி வடாமை நனைத்துச் சுருட்டலாமா என்று முயன்றால் நொறுங்கிவிடும். தாளை வாங்கிவிடுங்கள். காய்ந்த பொருள்தான், ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மைதா சமோசாத் தாளில் சுருட்டினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், அதற்கு வேறு பெயர் வையுங்கள்.

உள்ளே போகும் கண்ணாடி நூடுல்ஸ் பாசிப்பயறு மாவில் செய்வது. இறாலும் கேரட்டும் விடும் ஈரத்தை உறிஞ்சுவதுதான் அதன் வேலை. கிடைக்காவிட்டால் சேமியா வேண்டாம், குழைந்துவிடும். ஊறவைத்த அவலை ஒரு பிடி சேர்த்தால் அந்த வேலை ஓரளவு நடக்கும்.

மர நாய்க்குடை என்று சொல்லத்தக்க கறுப்புக் காளானும் போடுவார்கள். அதற்குத் தனி ருசி கிடையாது, கடிக்கும்போது ‘நறுக்’ என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். பலர் இதற்குப் பதிலாக பட்டன் காளான் போடுகிறார்கள். தண்ணீர் விட்டுத் தாளையே கிழித்துவிடும். நாம் தூக்கிப் போடும் முட்டைக்கோஸ் நடுத்தண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள். பெயருக்குக் காளான் இல்லை, வேலைக்கு அதே ஆள்.

மாற்றக் கூடாத ஒன்று ஃபிஷ் சாஸ். நெத்திலியையும் உப்பையும் அடுக்கி, சுமார் ஓராண்டு நொதிக்கவிட்டு வடிக்கும் சாறு அது. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த இரண்டும் அந்நியம் இல்லை. மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது, கடலில் நெத்திலியும் கிடைக்கிறது. இருந்தும் நாம் மீனைக் கருவாடாக்கினோம், அவர்கள் சாறாக்கினார்கள். அவசரத்துக்கு நெத்திலிக் கருவாட்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, பாதியாக வற்றவைத்து வடிகட்டிப் பயன்படுத்தலாம். உப்பும் வாசமும் வரும். அந்த ஆழம் வராது. சோயா சாஸ் ஊற்றினால் ருசி நேராகச் சீனாப் பக்கம் போய்விடும். மீன் வாசம் பிடிக்காதே என்று பயப்படாதீங்க, எலுமிச்சையும் சர்க்கரையும் பட்டதும் அந்த வாடை அடங்கி, என்னவென்று சொல்ல முடியாத ஒரு ருசியாகிவிடும். பாட்டில் வாங்குவதில் காசு விரயம் இல்லை. உப்பு அதிகம் என்பதால் சீக்கிரம் கெடாது.

செய்முறை இதுதான். 20 சாயோவுக்கு 200 கிராம் இறால் (அல்லது கோழிக் கொத்துக்கறி), ஊறவைத்து நறுக்கிய கண்ணாடி நூடுல்ஸ் 50 கிராம், துருவி நன்றாகப் பிழிந்த கேரட் ஒன்று, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, நாலு பல் பூண்டு, மேலே சொன்ன கோஸ் தண்டு, மிளகுத்தூள், ஒரு முட்டை, ஒரு மேசைக்கரண்டி ஃபிஷ் சாஸ். எல்லாவற்றையும் பச்சையாகவே பிசைய வேண்டும், வதக்கக் கூடாது. தாளைச் சாதாரணத் தண்ணீரில் இரண்டு, மூன்று விநாடி நனைத்தால் போதும். நான் முதல்முறை செய்தபோது சீக்கிரம் இளகட்டும் என்று சுடுதண்ணீரில் போட்டேன். 6 தாள் பசையாகி விரலோடு ஒட்டிக்கொண்டது. நனைத்ததும் விறைப்பாகத்தான் இருக்கும். ஈரத்துணி மேல் அரை நிமிடம் விட்டால் தானே இளகும். அப்புறம் சுருட்டுங்கள்.

எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். புகைய விட்டால் தாள் கொப்பளித்து வெடிக்கும், உள்ளே வேகாது. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நாலைந்தாகப் போட்டு 8 முதல் 10 நிமிடம். சாப்பிடும் முன் இன்னொரு தடவை சூடான எண்ணெயில் காட்டி எடுத்தால் மொறுமொறுப்பு நிற்கும். தொட்டுக்கொள்ள ஒரு பங்கு ஃபிஷ் சாஸ், ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, ஒரு பங்கு சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர். அதில் நசுக்கிய பூண்டும் பச்சை மிளகாயும். லெட்டூஸ் இலையில் சாயோவையும் நாலு புதினா இலையையும் வைத்து மடித்து, இதில் முக்கிச் சாப்பிடணும். தக்காளி கெச்சப் பாட்டிலை எடுக்காமல் இருந்தால் அதுவே பெரிய மரியாதை.

செனகல் குழம்புக்குத் திண்டிவனத்தில் என்ன வேலை?

டக்காரைச் சொன்னதால் அங்கிருந்தே ஒரு குழம்பு. செனகல், மாலி பக்கம் ‘மாஃபே’ என்று ஒரு வேர்க்கடலைக் குழம்பு உண்டு, சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவது. நம்மூர் ஆட்கள் முதலில் செய்து பார்க்க இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஏனென்றால் எதையுமே வாங்கத் தேவையில்லை.

வேர்க்கடலையை விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ‘மல்லாட்டை’ என்போம். ‘மணிலாக்கொட்டை’ என்பது வாயில் தேய்ந்து வந்த சொல். தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், பெயரில் பிலிப்பைன்ஸ் தலைநகரைத் தூக்கிக்கொண்டு நம் வயலுக்கு வந்திருக்கிறது. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ‘டி.எம்.வி.’ என்று தொடங்கும் கடலை, எள் ரகங்களில் இருப்பது திண்டிவனம் என்ற பெயர்தான். பிரெஞ்சுக் காலத்தில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து கடலை மூட்டைகள் எண்ணெய்க்காகப் பிரான்ஸின் மார்சே நகரத்துக்குப் போயின. செனகல் கடலையும் பிரான்ஸுக்குத்தான் போனது. இரண்டு ஊர் விவசாயிகளும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே சந்தைக்கு விளைவித்தார்கள்.

200 கிராம் கடலையை வறுத்து, தோல் நீக்கி, தண்ணீர் விடாமல் அதன் எண்ணெய் கக்கும் வரை அரையுங்கள். வெங்காயம், பூண்டு வதக்கி, அரை கிலோ கோழி, அரைத்த தக்காளி, தண்ணீர். கொதி வந்ததும் கடலை விழுதைக் கரைத்து ஊற்றி, கேரட், முட்டைக்கோஸ், மரவள்ளிக்கிழங்கு பெரிய துண்டுகளாகப் போட்டு, சிறு தீயில் 40 நிமிடம். அடிப்பிடிக்கும், கிண்டிக்கொண்டே இருக்கணும். மேலே எண்ணெய் மிதந்தால் ஆச்சு. மிளகாயைக் கீறாமல் முழுசாக மிதக்கவிடுவது அவர்கள் பழக்கம். வாசம் இறங்கும், காரம் இறங்காது.

இங்கேதான் நம் கை அரிக்கும். சோம்பு, பட்டை, கரம் மசாலா, தேங்காய்ப்பால்… ஒரு ஸ்பூன் போட்டா என்ன என்று தோன்றும். போடாதீங்க. போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஏற்கெனவே நமக்குத் தெரிந்த குருமாவாகிவிடும். அயல்நாட்டுச் சமையலில் நமக்குக் கஷ்டமான பாகம், அதில் இல்லாததைச் சேர்க்காமல் இருப்பதுதான். (நண்பர்களைக் கூப்பிடுவதாக இருந்தால், கடலை யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.)

நம்ம வெயிலில் கிம்ச்சி போடலாமா?

போடலாம். ஆனால் கொரியா யூடியூபர் சொல்லும் நாள் கணக்கை நம்பாதீர்கள். அவர் சமையலறை 18, 20 டிகிரியில் இருக்கும். நம்முடையது சித்திரையில் 35-ஐத் தாண்டும். இட்லி மாவு டிசம்பரில் ராத்திரி முழுக்கப் பொங்காமல் இருப்பதையும், மே மாதத்தில் நாலு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வழிவதையும் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அதே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான் கிம்ச்சியிலும் வேலை பார்க்கின்றன. வெளியே அரை நாள், அதிகபட்சம் ஒரு நாள். புளிப்பு வாசம் வந்ததும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். உப்பைக் குறைக்காதீர்கள், காய் எடையில் 2 முதல் 3 சதவீதம் இருக்க வேண்டும். கெட்ட கிருமியை ஆரம்பத்தில் தடுத்து நிறுத்துவது அதுதான். மேலே பஞ்சு மாதிரிப் பூஞ்சை கட்டினால் வழித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடும் வேலை வேண்டாம், மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். கொரிய மிளகாய்த்தூளுக்கு, விதை நீக்கிக் கரகரப்பாக அரைத்த காஷ்மீரி மிளகாய் போதும். குண்டூர் மிளகாயைப் போட்டால் காரம்தான் இருக்கும்.

ஃபிஷ் சாஸை மட்டும் வீட்டில் நொதிக்க வைக்க முயல வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்பதைத் தாண்டி, உப்பு அளவு தவறினால் ஆபத்தும் இருக்கிறது.

மாற்றினால் அது ‘ஒரிஜினல்’ இல்லையே?

இந்தக் கேள்விக்குப் பதில் நம்ம வடகத்திடம் இருக்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம் எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, நாள் கணக்கில் வெயிலில் காய வைக்கும் தாளிப்பு வடகம். புதுச்சேரியிலிருந்து பிரான்ஸ் போய் அது ‘வடுவான்’ ஆகிவிட்டது. பாரிஸ் செஃப்கள் வெங்காயத்தை ஓவனில் வாட்டி, காரமில்லாத மசாலாப் பொடியாகச் செய்து, வெண்ணெயில் கலந்து, மீன் மேல் ஊற்றுகிறார்கள். நம்ம வீட்டில் காட்டினால் ‘இது வடகமா?’ என்று சிரிப்பார்கள். ஆனால், அங்கே அப்படி வெயில் இல்லை. வெங்காயத்தின் ஈரத்தை இறக்கி இனிப்பை ஏற்றுவதுதான் வெயிலின் வேலை என்று யாரோ புரிந்துகொண்டு, அதை ஓவனிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அது சரியான மாற்றம். விளக்கெண்ணெயை விட்டுவிட்டதும், உருண்டையைப் பொடியாக்கியதும்தான் எனக்கு ஒப்பவில்லை. உருண்டையாக எண்ணெயில் விழுந்து பொரியும்போது வரும் வாசம் பொடியில் வருவதில்லை.

புதுச்சேரிச் சாயோவும் சைகோன்காரருக்கு இப்படித்தான் தெரியும். எதை விட்டார்கள், எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதை ஒவ்வொரு வீடும் தனித்தனியாக முடிவு செய்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அந்த முடிவுகளில் பல எழுதி வைக்கப்படவில்லை. சாயோ சுருட்டத் தெரிந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகளில் பலர் பிரான்ஸில் இருக்கிறார்கள். யூடியூபில் ஹனோய் முறையும் கிடைக்கும், சைகோன் முறையும் கிடைக்கும், அந்த வீட்டு முறை கிடைக்காது. சாயோ என்றில்லை, பர்மாவிலிருந்து வந்த குடும்பத்து அத்தோவுக்கும், மலேசியாவில் இருந்துவிட்டு வந்த பெரியம்மாவின் கறிக்கும் இதே கதைதான்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், ‘அளவு சொல்லுங்க பாட்டி’ என்று கேட்காதீர்கள். ‘கண் அளவுதான்’ என்பார்கள். ஒரு சமையல் தராசை எடுத்துப் போய், அவர் சமைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். உப்பு டப்பாவை அவர் கை வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, வைத்த பின்னால் ஒரு தடவை எடை போடுங்கள். மாவுக்கும் எண்ணெய்க்கும் அப்படியே. ‘ஒரு கை’ என்பது அவர் கையில் 40 கிராமா, 60 கிராமா என்று தெரிந்துவிடும். கடைசியாக இதையும் கேளுங்கள்: ‘அங்க போட்டு, இங்க கிடைக்காம விட்டது எது?’ அந்தப் பொருள் இப்போது நம்ம ஊர் சூப்பர் மார்க்கெட்டிலேயே இருக்கலாம். வாங்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்து, இன்னொரு தடவை சமைக்கச் சொல்லுங்கள்.